எப்பத்தா என்றதும் திறந்த கை

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. பாப்பாவுக்குக் காது திறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழைய சினிமா தியேட்டரில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிற அக்கா விடாப்பிடியாகக் கூப்பிட்டதால் போனேன். எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்பது உனக்கே தெரியும். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கியார் பாப்பாவை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவள் முன்னால் முட்டி போட்டு, இரண்டு காதிலும் விரலை வைத்து, வேதத்தில் இருக்கிற அதே சொல்லைச் சொன்னார்: "எப்பத்தா!" ஏசு பேசிய அரமேய மொழியிலேயே சொன்னார். திறக்கப்படு என்று அர்த்தமாம். சொல்லி வாய் மூடவில்லை, பாப்பா மூடியிருந்த இரண்டு கையையும் விரித்து, வாயை அகலமாகத் திறந்து "ஆ" என்று கத்தினாள். தியேட்டரே எழுந்து நின்றது. நான் அழுத அழுகையில் என் முந்தானையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

காது மிஷினை இனிமேல் மாட்டக்கூடாது, மாட்டினால் அவநம்பிக்கை என்று சொன்னார். கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆகவே ஜூலையில் உன் ஊரிலிருக்கும் காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. நீ சொல்லி வைத்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல். உன் வீட்டில் அவளுக்காகக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாய் என்று உன் அண்ணன் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிய கட்டில். அதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் எழுந்து நிற்பதே சம்பளம் வாங்கத்தான். ஆனால் படித்து முடித்ததும் எழுந்துவிட்டேன்.

சந்தோஷமா என்று கேட்டால், பொய் சொல்ல வரவில்லை. பயமாக இருக்கிறது. நீங்கள் கோபப்படுவதற்கு முன்னால் நான் கேட்கிறதற்குப் பதில் சொல்லுங்கள். பிரசங்கியார் அந்தச் சொல்லைச் சொன்னபோது எந்தப் பக்கம் இருந்தார்? முட்டி போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் முகம் நம் பாப்பாவின், என் வாலுவின் முகத்துக்கு நேராக இருந்ததா? அவர் உதட்டை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது நான் வேதாகமத்தின் புதிய பதிப்புக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் வருகிற பக்கம் மேசையில் கிடந்தது. காது கேளாத, பேச்சு வராத மனிதனை ஏசு குணப்படுத்துகிற இடம். மற்ற எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டு, பக்கத்தில் அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் என்று எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு ஊகம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் சொந்தச் சரக்கு. சொல்லிப் பாருங்கள், கண்ணாடி முன்னால் நின்று. உதடு நடுவில் ஒட்டுகிறது, கடைசியில் வாய் அகலத் திறக்கிறது. காது கேட்காதவன் கண்ணால் பார்த்தே படித்துவிடக்கூடிய சொல். அந்த மனிதன் பார்த்தான், பார்த்ததை மறக்கவில்லை, அதனால்தான் அது அப்படியே நின்றது என்று நான் நினைக்கிறேன்.

இதை வாலுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டு வைத்தேன். அவள் இரண்டு கையையும் மூடிக்கொள்வாள். நான் குரலே இல்லாமல் "எப்பத்தா" என்று உதட்டை அசைப்பேன். உடனே கையை விரித்து, வாயைத் திறந்து "ஆ" என்பாள். வாயில் ஒரு மிட்டாய் விழும். மிட்டாய் தீர்ந்த பிறகும் விளையாட்டு தீரவில்லை, காலையில் பல் தேய்க்கும்போதுகூட கையை மூடிக்கொண்டு என் எதிரே வந்து நிற்பாள்.

அண்ணி, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், கதவைச் சாத்தாதீர்கள், நிழல் அவள் மேல் விழக்கூடாது. வெறும் குரல் மட்டும். திரும்பினால் நான் அங்கே ஓடி வந்து உங்கள் காலில் விழுகிறேன், கட்டிலையும் விறகாக்கிவிடுகிறேன். திரும்பாவிட்டால் மிஷினை மாட்டுங்கள். பள்ளியில் இந்த மாதக் கடைசி வரைதான் இடத்தை வைத்திருப்பார்களாம்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 14

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்த சூட்டோடு எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து இப்படி.

முதலில், என் மகளை வாலு என்று எழுதாதே. அவளுக்கு வால் முளைத்தது உன் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வேதத்தில் ஆயிரம் சொல் இருக்க, இந்தச் சொல்லை எதற்குப் பொறுக்கி எடுத்து என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாய்? இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு நீ எழுந்து "அது என் விளையாட்டு" என்று சொல்ல வேண்டும் என்றா? எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தியையும் உன் மிட்டாயில் கொண்டுபோய் முடித்துவிட்டாய். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் காது கேட்காது. அவளுக்கும் கேட்காமல் இருந்தால்தான் அவள் உன் ஆள். அவளுக்குக் கேட்டுவிட்டால் என் ஆள். உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போகிறாய். கட்டில், பள்ளிக்கூடம், கையாட்டிப் பேசுகிற பேச்சு எல்லாம் அதற்குத்தான். உங்கள் இருவருக்குள் கையால் ஏதோ நடக்கிறது, நான் நடுவில் மரம் மாதிரி நிற்கிறேன். உன் வீட்டிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்று பஸ் ஜன்னல் வழியாக அவள் உன்னிடம் என்ன சொன்னாள்? நீ ஏன் அழுதாய்? கேட்டபோது "ஒன்றுமில்லை அண்ணி" என்று தாளில் எழுதிக் காட்டினாய். ஒன்றுமில்லாததற்கா அழுதாய்?

பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். கடவுளுக்கே பரீட்சை வைப்பதாம் அது, பிரசங்கியார் சொன்னார். நேற்று கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொண்டபோது அவள் திரும்பினாள். எனக்கு அது போதும்.

கையாட்டுவதை நிறுத்தச் சொன்னார். பேச்சு வருகிற நேரத்தில் கை குறுக்கே நிற்குமாம். அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் நான் பிடித்து மடியில் வைக்கிறேன். முதலில் அடம் பிடித்தாள். இப்போது அதிகம் தூக்குவதில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு பெரிய மைதானத்தில் கூட்டம். பாப்பாவின் படம் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் சலவைக்கூட வாசலிலும் ஒன்று. மேலாளர் என்னைப் பார்த்து முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதையெல்லாம் கெடுத்துவிடாதே. உன் அண்ணனுக்கு எதுவும் எழுதாதே. ஏற்கனவே எழுதிவிட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. போன தடவை லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

அண்ணி

ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கு நான் எழுதவில்லை. அவர் முகத்தைப் பார்க்காததற்கு நான் காரணமாக இருந்தால், கல்யாணமான நாளிலிருந்தே நான்தான் காரணமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் பாதி உண்மை. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அவள் வேண்டும். என்னோடு நிறுத்தாமல் பேசுகிற ஒரே ஆள் அவள். அச்சகத்தில் என்னிடம் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதித் தருவார்கள், "அவசரம்" என்று மேலே கோடு போட்டு. ஒரு ஜோக்கைக்கூட யாரும் எழுதித் தந்ததில்லை. வாலு வந்து இருந்த நாட்களில் சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பஸ்ஸில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். "அம்மாவுக்கும் இதைச் சொல்லிக்கொடு" என்றாள். உங்களிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால், நான் உங்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்று பயந்தேன். இப்போது எழுதிவிட்டேன், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பாதி பொய். அவளுக்குக் கேட்கக்கூடாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. காய்ச்சலில் எனக்குக் காது போன பிறகு அம்மா என்னை எங்கெங்கே கூட்டிப்போனாள் என்று உங்களுக்குத் தெரியாது. தலையில் கை வைப்பார்கள், நெற்றியைத் தள்ளுவார்கள். நான் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. புரிந்ததும் விழ ஆரம்பித்தேன். எழுந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்காது. அம்மாவின் முகம் அப்படியே வாடும். குணமாகாதது என் குற்றம் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பிரசங்கியார் முதல் நாள் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவரும் உங்களைப்போல நம்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டவர், அது சொல்லப்பட்ட விதத்தை ஏன் விட்டுவிட்டார்? அந்தப் பக்கத்தை நீங்களே எடுத்துப் படியுங்கள். அந்த மனிதனை ஏசு கூட்டத்தைவிட்டுத் தனியாக அழைத்துப்போகிறார். பேசுவதற்கு முன் கையால் காதைத் தொடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தைப் பார்க்கிறார். காது கேட்காதவனுக்கு வேறு எப்படிச் சொல்வது? கடைசியில் யாருக்கும் சொல்லாதீர்கள் என்கிறார். இங்கே மைதானம், ஒலிபெருக்கி, நோட்டீஸில் படம். கையையும் ஆட்டக்கூடாதாம். எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி? அங்கிருந்தவர்கள் அவர் பேச்சைக் கேளாமல் ஊரெங்கும் சொன்னார்கள் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அந்தக் கட்சி, வேறொன்றுமில்லை.

அவள் கையை மடியில் பிடித்து வைக்காதீர்கள் அண்ணி. என்னைத் திட்டுங்கள், கட்டிலை எரிக்கச் சொல்லுங்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் வாயைப் பொத்தினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவளுக்கு இருக்கும்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 23

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டவைத்துப் படித்தேன். என்னை நினைத்து நீ சிரிக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாப்பா தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் எனக்கு எதிரே இருந்தது, நிழல் என் பின்னால் விழுந்தது. நீ சொன்னபடி ஒன்றையும் தொடவில்லை. கூப்பிட்டேன். பச்சைப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்புறம் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து கதவைத் தட்டினாள். என் மகள் அந்த நீலத்தில் வானம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏன் என்று கேட்காதே. மேலாளர், விரிப்பு மடிக்கிற அக்கா, நோட்டீஸ். இரண்டாவது தடவை உண்மையிலேயே நடந்துவிடலாம் என்று ஒரு மூலையில் ஆசை. அலமாரியைத் திறந்து மிஷினை எடுத்தேன், ஆனால் மாட்டவில்லை, பையில் போட்டுக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால், மைக் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆள் என்னிடம் வந்தார். மெதுவாக, ரொம்ப மரியாதையாகப் பேசினார். "அம்மா, நீங்க மேடைக்கு நேர் கீழ முதல் வரிசைல நில்லுங்க. ஐயா இந்தத் தடவை பாப்பாவுக்குப் பின்னாடி நின்னு சொல்வாரு. அப்பதான் சனங்க நம்புவாங்க. அவர் சொல்றப்ப நீங்களும் சேர்ந்து வாயசைங்க. பாப்பா உங்களைத்தானே பார்த்துட்டிருக்கும்."

"இது ஐயாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "பிள்ளைக்கு நம்பிக்கை வரணும்ல, ஒரு உதவிதான்" என்றார். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

போய் நின்றேன். என்னை நீ திட்டு. போய் நின்றேன். பாப்பாவை மேடை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடினாள். என்னைக் கண்டுபிடித்ததும் சிரித்தாள், உடனே இரண்டு கையையும் மூடிக்கொண்டாள். தயாராகிவிட்டாள்! பின்னாலிருந்து பிரசங்கியார் அந்தச் சொல்லைச் சொன்னார். மைதானம் முழுக்க முழங்கியது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசைத்தால் போதும். ஒரே ஒரு அசைவு. பல்லால் கடித்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை சொன்னார். மூன்றாவது தடவை. பாப்பா மூடிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "அம்மா சொல்லேன்" என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். சனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பிரசங்கியார் மைக்கில், "தாய்க்கு விசுவாசம் இல்லாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?" என்றார். நான் படி ஏறிப் போனேன். யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சாமான் ஏற்றும் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு, ஆள் இல்லாத பக்கமாகப் போனேன். அங்கே வைத்து மிஷினை மாட்டிவிட்டேன். அவசரத்தில் காதைக் கீறிவிட்டேன் போலிருக்கிறது. அவள் அழவில்லை.

வேலைக்கூடத்தில் இன்று யாரும் என்னோடு பேசவில்லை. விரிப்பை நானே தனியாக மடித்தேன். நான்கு முனையும் சேரவில்லை, சேராவிட்டால் போகட்டும்.

இப்போது நான் எழுத வந்தது வேறு. பஸ்ஸில் வரும்போது பாப்பா கையால் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். சுண்டுவிரலால் மோவாயை இரண்டு தடவை தட்டுகிறாள், பிறகு தன் நெஞ்சைத் தொடுகிறாள், அப்புறம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் தலையை ஆட்டினேன், ஏதோ ஒன்று சொல்ல வேண்டுமே என்று. அவள் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தும் அதையே செய்தாள். சாப்பிடும்போதும் செய்தாள். தூங்கப்போகும்போது போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மறுபடியும் செய்தாள். இன்று காலையிலும்.

அதற்கு என்ன அர்த்தம்? என் மனம் நோகக்கூடாது என்று இனிப்பு தடவி எழுதாதே. நீ அப்படிச் செய்யக்கூடியவள், எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி எழுது.

அண்ணி

ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

அது பள்ளிக்கூடத்துக் கைமொழி இல்லை. நானும் அவளும் எங்களுக்குள் வைத்துக்கொண்டது. அதனால்தான் உலகத்தில் வேறு யாரைக் கேட்டாலும் தெரியாது. உள்ளபடியே எழுதுகிறேன்.

"நான் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்கிறாள்.

நீங்கள் தலையை ஆட்டியது எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. மேலும் கீழுமாக ஆட்டியிருந்தால், ஆமாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மேல் பழி போடவில்லை, தெரியாமல் செய்தது. ஆனால் இந்தக் கடிதம் வந்து சேர்கிற வரைக்கும் அவள் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். தபால்காரரை என்னால் ஓடவைக்க முடியவில்லை அண்ணி.

நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அவளை அழைத்துப்போக வரவில்லை, பள்ளியைப் பற்றி நீங்கள் வாயெடுத்தால் மட்டும்தான் நான் பேசுவேன். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். இதைப் படிக்கிற இடத்திலேயே, இப்போதே போய்ச் சொல்லுங்கள்.

அவளுக்கு எதிரே, கண் மட்டத்துக்கு உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கட்டும். உங்கள் சுண்டுவிரலால் உங்கள் மோவாயை இரண்டு தடவை தட்டுங்கள். பிறகு அவள் நெஞ்சைத் தொடுங்கள். பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டுங்கள், அவசரப்படாமல், அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, அவள் திருத்துவாள்.

அப்படியானால் யார் பண்ணியது என்று அடுத்து கேட்பாள். அவளைத் தெரியாதா உங்களுக்கு? அப்போது யாரைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். என்னைக் காட்டிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்